மூன்று பவுன் ரிசீவர்

உங்களுக்கெல்லாம் பவுன் என்றால் தாலிக்கொடியும் வளையலும் ஞாபகம் வரும். எனக்கு ரிசீவர் ஞாபகம் வரும். பொம்மை விமானத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு, தரையில் நிற்பவன் கைப்பெட்டியிலிருந்து வானலையில் அனுப்பும் கட்டளையைக் கேட்டு, வாலைத் திருப்பிவிடும் ஒரு குட்டி வானொலி. அதைப் பவுன் கணக்கில் நிறுத்துப் பார்த்த குடும்பம் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.

மாத்திரைகளைத் திங்கள், செவ்வாய் என்று டப்பாவில் அடுக்கி விழுங்குகிற என் வயதுக்காரர்களே, சிராங்கூன் சாலைக் கடைவீட்டு மாடிகளில் வளர்ந்து இப்போது பிடோக்கிலும் புக்கிட் பாத்தோக்கிலும் மின்தூக்கிக்குக் காத்து நிற்பவர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். இளசுகளிடம் சொன்னால் "ஓகே பாட்டி" என்று கைத்தொலைபேசிக்குத் திரும்பிவிடும். ஐம்பது வருஷமாக நான் இதை யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.

அந்த வருஷக் கடைசி விடுமுறை முழுக்க மழை. எனக்குப் பத்து வயது, அண்ணனுக்குப் பதினாறு. எங்கள் வீடு என்பது தேக்கா சந்தைக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரே ஒரு மாடி அறை. கீழே நகை செய்கிற பத்தரின் பட்டறை. அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர், 'யார்ட்' என்பார். அம்மா துணிக்கடைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். ஜன்னலோரம் அம்மாவின் தையல் மெஷின், அதற்கு எதிரே கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டி. அதுதான் அண்ணனின் மேசை. அவன் ஈயம் பற்றவைக்கும்போது எழுகிற புகை பூசையில் தூபக்கால் ஆட்டும்போது வருகிற வாசனையாக இருக்கும். பக்தி இல்லாமலே எங்கள் அறை எந்நேரமும் மணத்துக்கொண்டிருந்தது.

எல்லாம் ஓர் இஞ்சினில் தொடங்கியது. சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் அண்ணன் அதைக் கண்டெடுத்தான். முகாமைக் காலி செய்துகொண்டு சீமைக்குப் போன சிப்பாய் எவனோ விட்டுப்போனது. என் கட்டைவிரல் தண்டி இருக்கும். கூடவே கட்டளை அனுப்பும் கைப்பெட்டியும் கிடைத்தது. அதைக் கேட்கிற ரிசீவர்தான் இல்லை. அதனாலென்ன, நானே செய்துகொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டான். அந்த இஞ்சின் குடிக்கிற எண்ணெயில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். முதல் நாள் அவன் அதை ஓட்டிப் பார்த்தபோது அம்மா மெஷினை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

"யாருக்குடா வயிறு சரியில்ல?"

முதலில் செய்த ரிசீவர் சோப்புப் பெட்டி அளவு. விமானம் அதைச் சுமந்துகொண்டு நாலடி ஓடி, மண்ணில் மூக்கைக் குத்திக்கொண்டது. கட்டைவிரல் இஞ்சினுக்கு அவ்வளவுதான் சக்தி. ரிசீவர் இளைக்காமல் விமானம் எழும்பாது. எவ்வளவு கனம் என்று பார்க்க எங்கள் வீட்டில் தராசு ஏது? பத்தரிடம் கொண்டுபோனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த நகைத் தராசில் அவர் அதை வைத்தார்.

"எட்டுப் பவுன் தம்பி. எந்தப் பொண்ணுக்கு?"

"இன்னும் அஞ்சு பவுன் குறைக்கணும்ண்ணே."

"பவுனைக் குறைக்கச் சொல்ற மாப்பிள்ளை வீட்டை இப்பதான்லா பாக்கிறேன்."

படுத்திருந்த பாகங்களையெல்லாம் அண்ணன் நிற்கவைத்தான். எங்கள் அறையில் நாலு பேரும் ஒருக்களித்துப் படுப்பதுபோல அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பலகையின் ஓரத்தை அரத்தால் ராவினான். உறைகளைக் கழற்றினான். அம்மாவின் ஊசியால் ஈயத்தைத் தொட்டு வைத்தான். எட்டு ஆறாயிற்று, ஆறு நாலரையாயிற்று. ஒவ்வொரு தடவையும் நான்தான் உள்ளங்கையில் பொத்தி எடுத்துக்கொண்டு படியிறங்குவேன். பத்தர் எடை சொல்வார், நான் மேலே பார்த்துக் கத்துவேன், ஜன்னலிலிருந்து அண்ணன் தலையைச் சொறிந்துகொள்வான். டிசம்பர் பாதியில் அது தீப்பெட்டிக்குள் போய்விட்டது. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

பாக்கி இருந்தது ஏரியல் கம்பி. வானலையைப் பிடிப்பதற்காக ரிசீவரிலிருந்து புறப்பட்டு, விமானத்தின் வயிற்று வழியே ஓடி, வாலுக்கு வெளியே தொங்குகிற கம்பி. அதன் நீளத்தில் கைவைக்க முடியாது. குறைத்தால் பக்கத்திலிருந்து சொல்வது கேட்கும், தூரத்திலிருந்து சொல்வது கேட்காது. நீளத்தைக் குறைக்க முடியாதென்றால் தடிமனைக் குறைப்பது என்று ஒரு பழைய வானொலியின் சுருளைப் பிரித்தான். தலைமயிரை விட மெல்லிய செம்பு இழைகள் சில, அவற்றைச் சேர்த்து மேலே வெள்ளைப் பட்டு சுற்றியிருந்தது. பார்ப்பதற்கு நூலேதான்.

"பாப்பா, இதுதான் அதோட காது. இழுக்காத, மடக்காத."

"காது இவ்ளோ நீளமா?"

"தூரத்துல இருந்து சொல்றது கேக்கணும்ல."

அன்று பத்தர் தராசைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். மூன்று பவுன். நான் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அப்பாவுக்கு இதெல்லாம் 'தீப்பெட்டி வெளையாட்டு'. அண்ணன் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்க ஆசைப்பட்டான். ஃபார்ம் வாங்கி வைத்திருந்தான்; அப்பாவின் கையெழுத்து வேண்டும். அப்பாவோ யார்டில் சூப்பர்வைசரிடம் அவனுக்கு வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். அப்பா கெட்ட மனிதர் இல்லை. கண்ணால் கண்டதை மட்டும் நம்புகிறவர். அம்மா விடாமல் அரித்ததில் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே இறங்கி வந்தார்.

"சரி, ஞாயித்துக்கிழமை வந்து பாக்கிறேன். எழும்பி, சொன்ன பேச்சைக் கேட்டுத் திரும்பி வந்துச்சுன்னா கையெழுத்துப் போடறேன். இல்லன்னா யார்ட். அப்புறம் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு இருக்கக்கூடாது."

ஃபார்ம் கொடுக்கக் கடைசி நாள் அதற்கடுத்த செவ்வாய்.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் விமானத்தை அம்மாவிடம் கொண்டுவந்தான். விமானத்தைத் திருப்புகிற வால் சுக்கான் அசைவதற்கு வைத்திருந்த இரும்புக் கீல்கூடக் கனமாம். எடுத்துவிட்டு அந்த இடத்தில் நூலால் தைத்துத் தரச் சொன்னான். வாலில் ஒரு தையல், சுக்கானில் ஒரு தையல் என்று மாற்றி மாற்றிப் போட்டால் அதுவே கீல்போல ஆடுமாம்.

"ரவிக்கைக்குக் கொக்கி வெக்கிற மாதிரிதானேடா" என்று அம்மா வெள்ளை நூலைக் கோத்தார். மழை இருட்டு. கண்ணுக்கு அருகே வைத்துத் தைத்தார். தைத்து முடித்துவிட்டு இத்துனூண்டு சுக்கானை விரலால் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த பெருமை, நம் பிள்ளைகள் பட்டம் வாங்கிய அன்று நம் முகத்தில் இருந்ததே, அதுதான்.

அம்மாவிடம் ஒரு பழக்கம் உண்டு. தைத்த எதையும் நூல் தொங்க வாசல் தாண்ட விடமாட்டார். கழுத்தில் நாடாவில் ஒரு சின்னக் கத்திரிக்கோல் எப்போதும் தொங்கும். உருப்படி வெளியே போகுமுன் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு பிசிறாக வெட்டுவார். அப்போது யாராவது நூலின் மறுமுனையை நேராக இழுத்துப் பிடிக்கவேண்டும். அது என் வேலை. வெட்டிய நூலெல்லாம் ஒரு துணிப்பைக்குள் போகும். பை நிரம்பினால் தலையணைக்குத் திணிப்பார்.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்தோம். விமானத்தைக் கையில் பிடித்து வானத்தில் எறிகிற வேலை எனக்கு என்று அண்ணன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அதற்காகத் தலைமுடியை இறுக்கிப் பின்னி, செருப்பைக்கூடத் துடைத்து வைத்திருந்தேன். படியிறங்குமுன் அவன் என் பின்னலைத் தொட்டான்.

"இன்னிக்கு அப்பா எறியட்டும் பாப்பா. அவருக்கும் சந்தோஷமா இருக்கும். நீ பின்னால நில்லு."

சொல்லிவிட்டு டாக்சி பார்க்கப் போய்விட்டான். அப்பா கண்ணாடி முன் தலை சீவிக்கொண்டிருந்தார். அம்மா விமானத்தை ஒரு பழைய புடவைத் துண்டில் சுற்றப் போனவர், நின்று, வாலை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"ஐயையோ, எவ்ளோ நூலை விட்டு வெச்சிருக்கேன் பாரு. இருட்டுல தெரியவேயில்ல. நாலு பேர் பாக்கிற எடத்துக்குப் போகுது. வாடி, பிடி."

மூன்று வெள்ளை இழைகள் தொங்கின. இரண்டு நூல், ஒன்று காது. எனக்குத் தெரிந்தது. பத்து வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நீங்கள் எனக்காக வக்கீல் பேசவேண்டாம். தெரிந்தது. 'அம்மா, அது நூல் இல்ல.' நாலே நாலு வார்த்தை. நாக்கு வரைக்கும் வந்தது. பின்னால நில்லு என்றானே, நிற்கிறேன், அவனே பார்த்துக்கொள்ளட்டும் என்று விழுங்கிவிட்டேன். முனையை நேராக இழுத்துப் பிடித்தேன். நூலை வெட்டினால் சத்தம் வராது. அன்று கறுக் என்று ஒரு சத்தம் வந்தது. அம்மா கவனிக்கவில்லை. வெட்டியதைப் பந்தாகச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டு விமானத்தைப் பிள்ளையைச் சுற்றுவதுபோலச் சுற்றினார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அது விழவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பறக்கவிடுமுன் ஒவ்வொரு தடவையும் ஒரு சோதனை உண்டு. நான் விமானத்தைத் தூக்கிக்கொண்டு நூறடி நடப்பேன், அண்ணன் பெட்டியை அழுத்துவான், வால் அசைந்தால் கையைத் தூக்குவேன். அன்றும் நடப்போம், அசையாது, அண்ணன் கண்டுபிடித்துப் பதறுவான், எப்படியோ ஒட்டுப்போடுவான். கொஞ்சம் பதறட்டும். என் கணக்கு அவ்வளவுதான்.

பிடோக் பக்கம் கடலைத் தூர்த்து எடுத்த வெற்று மண் அப்போது மைல்கணக்கில் கிடந்தது. லாலாங் புல், புதிதாக நட்ட சவுக்கு மரங்கள், அதற்கப்பால் கடல். டாக்சியிலிருந்து இறங்கியபோதுதான் கவனித்தேன். அப்பாவின் சட்டைப் பையில் ஃபார்ம் நாலாக மடித்து இருந்தது. பக்கத்தில் பேனா. அவர் பேனா வைத்துக்கொள்கிறவரே இல்லை.

"பாப்பா, நூறடி போ" என்றான் அண்ணன்.

"அதெல்லாம் என்னத்துக்குடா, மழை வருதுலா. குடு இப்படி" என்று அப்பா விமானத்தை வாங்கிக்கொண்டார். அவர் அவசரத்தில் சந்தோஷம் இருந்தது. அண்ணன் அதைக் கெடுக்க விரும்பவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். வால் அப்பாவின் முழங்கைக்குப் பின்னே மறைந்திருந்தது. நான் வாயைத் திறந்தேன். இப்போது சொன்னால், காலையில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே. மூடிக்கொண்டேன்.

அப்பா எறிந்தார். அது எழும்பியது. விளக்கெண்ணெய்ப் புகையை எங்கள் மேல் விட்டுக்கொண்டு ஏறியது. அண்ணன் அழுத்தினான், இடது பக்கம் சாய்ந்தது. மறுபடி அழுத்தினான், நேராயிற்று.

"கேக்குதே" என்றார் அப்பா. "டேய், சொன்னதைக் கேக்குதேடா."

அவருடைய கடைவாய்ப் பல் வரைக்கும் நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான். பேனாவின் மேல் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

விமானம் சவுக்கு மரங்களை நோக்கிப் போயிற்று.

"போதும், திருப்புடா."

"திருப்பிட்டேன்ப்பா."

"திரும்பலையே."

"கேக்கலைப்பா."

பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அண்ணன் ஓடினான். பக்கத்தில் போனால் கேட்குமோ என்று ஓடினான். இஞ்சின் சத்தம் கொசுவின் சத்தமாகி, அதுவும் அடங்கியது. மழை வந்தது. அப்பா ஃபார்மை எடுத்து நனையாமல் பனியனுக்குள் வைத்துக்கொண்டார். அண்ணன் திரும்பி வரும்வரை அசையாமல் நின்றார். அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"சின்னதாக்குறதுக்கும் ஒரு அளவு இருக்குடா. தகட்டை ரொம்ப இழைச்சா ஓட்டைதான் விழும்."

"என் தப்புதான்ப்பா. ரொம்பச் சின்னதாக்கிட்டேன்."

திங்கள் முழுக்க எனக்கு நேரம் இருந்தது. செவ்வாய் நடுப்பகல் வரைக்கும் இருந்தது. 'அப்பா, அவன் தப்பு இல்ல' என்று நான் சொல்லியிருந்தால் அந்த மனிதர் பேனாவைத் திறந்திருப்பார் என்று இன்றைக்கு எனக்கு நிச்சயமாகத் தெரியும். சொன்னால் அம்மா என்னைப் பார்ப்பார், நீதானேடி பிடிச்சே என்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து சாப்பிட்டேன், தூங்கினேன், மெஷினடியில் உட்கார்ந்து பொத்தானை நிறம்நிறமாகப் பிரித்தேன். செவ்வாய் போய்விட்டது.

அண்ணன் தினமும் பிடோக்குக்குப் போய்த் தேடினான். லாலாங் கிழித்துக் கையெல்லாம் கோடு. வியாழக்கிழமை சீக்கிரமே திரும்பிவிட்டான். "கடல்ல போயிருக்கும். இனிமே தேடல" என்றான். பிறகு கை துடைக்கக் கொஞ்சம் நூல் வேண்டும் என்று அம்மாவின் நூல்பையைத் தரையில் கொட்டினான். அம்மா சத்தம் போட்டார். அவன் அந்தக் குவியலை வெகுநேரம் இழை இழையாகக் கிளறிக்கொண்டிருந்தான். துக்கத்தில் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்று நினைத்தேன்.

தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோணியார். அம்மா விமானத்துக்காக ஒன்பது செவ்வாய் நவநாள் நேர்ந்துகொண்டார். ஒன்பது செவ்வாயும் அண்ணன் அம்மாவோடு கோயிலுக்குப் போனான், பக்கத்தில் முழந்தாள்படியிட்டான், மெழுகுவத்தி ஏற்றினான். கிடைக்கவில்லை. "எல்லாத்தையும் குடுத்தவரு, என் பிள்ளை விஷயத்துல மட்டும் கைவிட்டுட்டாரு" என்று அம்மா பிற்பாடு எத்தனையோ வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜனவரியில் அண்ணன் யார்டில் சேர்ந்தான். ஊசிமுனையில் ஈயம் தொட்ட கை, கப்பல் தகடுகளை ஒட்டவைத்தது. பக்கத்து வீட்டு வானொலி கெட்டுப்போனால்கூட, "எனக்குத் தெரியாதுண்ணே" என்று சொல்லிவிடுவான். கல்யாணமும் வேண்டாம் என்றுவிட்டான்.

எனக்கு மேற்படிப்புக்கு ஃபார்ம் வந்தபோது அப்பா வழக்கம்போல இழுத்தார். "பொண்ணுக்கு எதுக்குலா." அண்ணன் எழுந்து வந்தான், தன் சட்டையிலிருந்த பேனாவை மூடி கழற்றி அப்பாவின் விரலுக்குள் வைத்தான்.

"போடுங்கப்பா. ஒரு ஆளுக்குப் போடாதது போதும்."

அந்தக் கையெழுத்தில்தான் நான் ஆசிரியை ஆனேன். முப்பது வருஷம் பிள்ளைகளிடம், உண்மையைச் சொன்னால் ஒன்றும் ஆகாது என்று பாடம் நடத்தினேன்.

அப்பா எப்போதோ போய்விட்டார். அண்ணனும் அம்மாவும் பிடோக்கில் வீடு எடுத்து அங்கேயே இருந்தார்கள். போன வருஷம் அண்ணனுக்கு நெஞ்சுச் சளி நிமோனியாவாகி, பத்தே நாளில் முடிந்துவிட்டது. நாற்பதாம் நாள் பூசை ஆனபின், புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ரயில் மாறிப் போனேன், அவன் அலமாரியை ஒழிக்க. அடித்தட்டில் யார்ட் சட்டைகளுக்குக் கீழே, கைக்குட்டையில் சுற்றிய ஒரு தீப்பெட்டி.

உள்ளே ரிசீவர். ஈயமெல்லாம் கறுத்திருந்தது. அதிலிருந்து ஒரு சாண் வெள்ளை இழை நீட்டிக்கொண்டிருந்தது, முனையில் சீரான வெட்டு. கூடவே, வெட்டுப்பட்ட மீதி இழை அழகாகச் சுருட்டி வைத்திருந்தது. அதில் கிளிப்பச்சையும் அரக்குமாக அந்த வருஷத்து ரவிக்கை நூல் பிசிறுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. தீப்பெட்டியின் அடியில் பென்சிலில் எழுதியிருந்தான்: வியாழன். வேலை செய்யுது.

கண்டுபிடித்திருக்கிறான். புல்லுக்குள் கிடந்ததை எடுத்து, வெட்டைப் பார்த்து, எந்தக் கத்திரிக்கோல் என்று புரிந்து, செவ்வாய்தான் போய்விட்டதே, இனி அம்மா ஏன் அழவேண்டும் என்று வீட்டுக்கு வந்து, அம்மாவின் கண்ணில் படுமுன் பையிலிருந்து மீதியைத் தேடி எடுத்து ஒளித்திருக்கிறான். கையில் கிடைத்துவிட்ட பொருளைக் கண்டுபிடித்துத் தரச்சொல்லி ஒன்பது செவ்வாய் மண்டியிட்டிருக்கிறான்.

இன்னொன்றும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா எதையும் தனியாக வெட்டமாட்டார். மறுமுனையை ஒருத்தர் பிடிக்கவேண்டும். அது யார் வேலை என்று அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் அப்பாவின் கையில் பேனாவை வைத்தான். நான் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். கேட்க இனி அவன் இல்லை.

"என்னடி, என்ன கெடச்சுது?" அம்மா சுவரைத் தடவிக்கொண்டு வந்தார். எண்பத்து மூன்று வயது. ஒரு கண் போய்விட்டது, மற்றதில் வெளிச்சம் மட்டும் தெரியும். விரல்கள்தான் இப்போது பார்க்கின்றன. சுருளை என் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு ரிசீவரை மட்டும் கொடுத்தேன். தடவினார். நெருக்கமாக நிற்கிற பாகங்களை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இது அவன் மிஷினு. பவுன் மிஷினு." மறுபடி தடவினார். "அந்தோணியார் குடுத்துட்டாருடி. அவன் போனப்புறம் குடுத்திருக்காரு பாரு. கடல்ல போச்சுன்னானே. எங்க இருந்துச்சு?"

"பழைய சாமான்ல கெடந்துச்சும்மா."

அதை மார்போடு வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். அழுகை அடங்கும்போது விரல் அந்த இழையில் பட்டது.

"நூல் தொங்குதே." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அன்னிக்கு வாலைத் தைச்சப்ப மாட்டியிருக்கும். பாரேன், என் பிள்ளை சாமானை இப்படியா போட்டு வெப்பேன்." கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. அதே நாடா, அதே சின்னக் கத்திரிக்கோல். "வாடி, பிடி."

நாலு வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. இத்தனை வருஷம் அம்மாவின் காதில் விழாமல் அண்ணன் அடைகாத்தது அந்த நாலு வார்த்தையைத்தான். நான் முட்டி தேய எழுந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கையில் சுருளை இறுக்கிக்கொண்டு, மறுகையால் இழையின் முனையை நேராக இழுத்துப் பிடித்தேன்.

"வெட்டுங்கம்மா" என்றேன்.